வாங்கிக்கொள்ளவும் பழக வேண்டும்

மாலை நேரம். நாற்று நட்டு முடித்து ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள். அவளுக்கு வயது 21. அடுத்த மாதம் கல்யாணம். நாள் முழுவதும் குனிந்து வேலை செய்ததில் இடுப்பு வலிக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நிற்கிறாள்.

“வாடி, உட்கார். டீ போட்டிருக்கிறேன். ஒரு வாய் குடித்துவிட்டுப் போ.”

“வேண்டாம் அக்கா. இப்போதுதான் குடித்தேன்.”

அவள் குடிக்கவில்லை. காலையில் குடித்த கஞ்சிதான் வயிற்றில் இருக்கிறது.

“சரி, குடத்தையாவது கொடு. குழாயில் தண்ணீர் வருகிறது. உனக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கிறேன்.”

“ஐயோ, உங்களுக்கு எதற்கு அக்கா சிரமம்? நானே பிடித்துக்கொள்கிறேன்.”

அக்கா விடவில்லை. டீயைக் கையில் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் நின்றபடியே அவசரமாகக் குடித்தாள். நாக்குச் சுட்டது. மறுநாள் விடிந்ததும் ஒரு முறம் அவரைக்காயைக் கொண்டுபோய் அக்கா வீட்டில் வைத்தாள். அதன் பிறகுதான் அவள் மனம் ஆறியது. கடன் தீர்ந்துவிட்டது அல்லவா?

அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. அவள் ஆசையாகக் கொடுத்தது ஒரு டம்ளர் டீ. மறுநாளே அதற்கு விலை வந்துவிட்டது.

இப்படிப்பட்ட பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆண்களும் இருக்கிறார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். அடுத்தவருக்கு ஓடி ஓடிச் செய்வார்கள். தங்களுக்கு ஒருவர் ஏதாவது செய்தால் மட்டும் கூசிப்போவார்கள்.

இவர்களுக்குக் கல்யாணம் ஆன பிறகு என்ன நடக்கும்?

“நீ கொஞ்சம் உட்கார். இன்று பாத்திரத்தை நான் கழுவுகிறேன்” என்பான் புதுக் கணவன். “ஐயோ, ஆம்பிளை போய்ப் பாத்திரம் கழுவுவதா?” என்று அவள் பிடுங்கிக்கொள்வாள். அவன் இரண்டு முறை கேட்பான். மூன்று முறை கேட்பான். பிறகு கேட்பதை விட்டுவிடுவான். ஐந்து வருடம் கழித்து அவளே சொல்வாள்: “இந்த மனுஷன் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடமாட்டார்.”

காதலித்துச் செய்த கல்யாணத்திலும் இது உண்டு. பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணத்திலும் உண்டு. சமையல் பழகிவிட்டுப் போகிறார்கள். தையல் பழகிவிட்டுப் போகிறார்கள். பொறுத்துப்போகவும் பழகிவிட்டுப் போகிறார்கள். அடுத்தவர் காட்டும் அன்பை வாங்கிக்கொள்ள மட்டும் யாரும் பழக்குவதில்லை.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் சொந்த வீட்டிலிருந்துதான். இந்தியாவில் பல வீடுகளில் இன்றும் பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுகிறார்கள். குழம்பில் நான்கு மீன் துண்டு இருக்கும். அப்பாவுக்கு இரண்டு, மகன்களுக்கு இரண்டு. “எனக்கு மீன் பிடிக்காது” என்பாள் அம்மா. அவளுக்குப் பிடிக்கும். மகள் இதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறாள். தனக்கு வேண்டாம் என்று சொல்பவள்தான் நல்ல பெண் என்று நினைத்துக்கொள்கிறாள்.

இதன் பலன் உடம்பிலும் தெரிகிறது. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் 100க்கு 25 பேருக்கு இருந்தது. இரத்தசோகைக்குப் பல காரணங்கள் உண்டு. மாதவிலக்கில் இரத்தம் போவது ஒன்று. பிரசவம் ஒன்று. குடற்புழு ஒன்று. சத்துள்ள சாப்பாடு தட்டில் விழாததும் ஒரு காரணம். மருத்துவமனையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். நல்லது. கணவனோ மாமியாரோ முட்டையைத் தட்டில் வைக்கும்போது “வேண்டாம்” என்று எடுத்து வைக்கும் பழக்கத்துக்கு மாத்திரை இல்லை.

இன்னொரு காரணம், கடன் என்ற பயம். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று நோட்டில் இருக்கும். அவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிப் போட வேண்டும். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இதையே நேவ்தா என்கிறார்கள். இது நல்ல ஏற்பாடுதான். ஏழைக் குடும்பத்துக்கு ஒரே நாளில் பணம் சேர்கிறது. ஆனால் எல்லா அன்பையும் மொய் நோட்டில் எழுதத் தொடங்கினால் தொல்லைதான். காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பலருக்குப் பழைய காயமும் இருக்கும். ஒருவர் சோறு போட்டிருப்பார். பிறகு நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிக்காட்டியிருப்பார். ஒருமுறை அப்படிச் சுட்டவர்கள் அடுத்த முறை கையை நீட்டமாட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

கோதுபாயின் கதை

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. மகாராஷ்டிரத்தில் கொங்கணம் என்ற கடற்கரைப் பகுதி இருக்கிறது. அங்கே கோதுபாய் என்று ஒரு சிறுமி. எட்டு வயதில் அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். மூன்று மாதத்துக்குள் கணவர் இறந்துபோனார். எட்டு வயதுக் குழந்தை விதவை ஆனாள்.

அந்தக் காலத்தில் அந்தச் சாதியில் விதவையின் நிலை மிகக் கொடுமை. தலைமுடியை மழித்துவிடுவார்கள். நல்ல சேலை இல்லை. நல்ல சாப்பாடு இல்லை. விசேஷத்தில் முன்னால் வரக்கூடாது. வீட்டு வேலை முழுவதும் அவள் தலையில்தான். விதவைகள் மறுமணம் செய்யலாம் என்று 1856ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. ஊர் அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை.

பல ஆண்டுகள் இப்படிப் போயின. கோதுபாயின் சகோதரர் நரஹர் பந்த் பம்பாயில் இருந்தார். அவர் தங்கள் வீட்டுப் பெண்ணை அப்படியே விட்டுவிடவில்லை. பம்பாய்க்கு அழைத்து வந்தார்.

1889ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் ஒரு பள்ளி தொடங்கியது. அதன் பெயர் சாரதா சதன். தொடங்கியவர் பண்டித ரமாபாய். பெண்கள் அங்கேயே தங்கிப் படிக்கலாம். விதவைகளும் சேரலாம். அங்கே சேர்ந்த முதல் விதவை மாணவி கோதுபாய்தான். அப்போது அவர் சிறுமி இல்லை, வளர்ந்த பெண். அந்த வயதில் புத்தகத்தைப் பிடித்தார். அடுத்த ஆண்டு பள்ளி புனே நகரத்துக்கு மாறியது. கோதுபாயின் படிப்பும் தொடர்ந்தது.

நரஹர் பந்துக்கு ஒரு நண்பர் இருந்தார். பெயர் தோண்டோ கேசவ் கார்வே. கணக்கு ஆசிரியர். 1891ஆம் ஆண்டு அவருடைய மனைவி ராதாபாய் இறந்துபோனார். அதே ஆண்டு கார்வேக்குப் புனேயில் பெர்குசன் கல்லூரியில் வேலை கிடைத்தது. மனைவியை இழந்த ஆணுக்குச் சின்னப் பெண்ணாகப் பார்த்து மறுபடி கட்டிவைப்பது அன்றைய வழக்கம். கார்வே அதற்குச் சம்மதிக்கவில்லை. மறுமணம் செய்தால் ஒரு விதவையைத்தான் செய்வேன் என்றார். கோதுபாயைக் கேட்டார்கள். கோதுபாய் சம்மதித்தார். 1893ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் கல்யாணம் நடந்தது. புகுந்த வீட்டில் அவருக்கு ஆனந்தி என்று பெயர் வைத்தார்கள். ஆனந்திபாய் கார்வே ஆனார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் கார்வேயின் தைரியத்தைப் பெரிதாகச் சொல்வார்கள். அது பெரியதுதான். அவருடைய ஊரான முருட் அவரை ஒதுக்கிவைத்தது. அவருடைய தாயும் அதனால் துன்பப்பட்டார். ஆனால் 1889க்கும் 1893க்கும் இடையில் உள்ள நான்கு ஆண்டுகளைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அங்கேதான் நிற்க வேண்டும்.

எட்டு வயதிலிருந்து கோதுபாய்க்குக் கிடைத்தது வேலையும் ஒதுக்கலும்தான். அந்த வீட்டிலிருந்து நேராகக் கார்வேயின் வீட்டுக்கு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? ஒரு நல்ல சேலைகூடப் பிச்சை போலத் தோன்றியிருக்கலாம். “எனக்கு வாழ்வு கொடுத்தவர்” என்று காலம் முழுவதும் தலை குனிந்தே இருக்க நேர்ந்திருக்கலாம். அப்படி ஆகாமல் நடுவில் ஒரு பள்ளி வந்தது. அங்கே தங்க இடம் கிடைத்தது. கையில் புத்தகம் கிடைத்தது. சொந்தச் சகோதரர் துணை நின்றார். ஆசிரியை துணை நின்றார். இவர்கள் யாரும் கணவராகப் போகிறவர்கள் இல்லை. இவர்களிடம் அன்பை வாங்கிப் பழகிய ஒரு பெண்ணைத்தான் கார்வே கல்யாணத்துக்குக் கேட்டார்.

கொடுத்தவரும் வாங்கியவர்தான்

சாரதா சதனைத் தொடங்கிய ரமாபாய் பணக்காரர் இல்லை. 1870களில் பஞ்சம் வந்தது. அதில் தாயையும் தந்தையையும் இழந்தார். சகோதரரோடு ஊர் ஊராக நடந்தார். 1880இல் கல்யாணம் செய்தார். 1882இல் கணவர் இறந்தார். கைக்குழந்தையோடு தனியாக நின்றார்.

பிறகு இங்கிலாந்து போனார். அங்கே கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தார். 1886இல் அமெரிக்கா போனார். இந்தியாவில் விதவைகள் படும் பாட்டை ஊர் ஊராகப் பேசினார். புத்தகம் எழுதி விற்றார். அங்கிருந்த மக்கள் பாஸ்டன் நகரத்தில் ஒரு சங்கம் வைத்தார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பணத்தில்தான் சாரதா சதன் நடந்தது.

ரமாபாய் இந்தப் பணத்தைக் கூசிக்கொண்டு வாங்கவில்லை. என்ன தேவை என்று வாய் திறந்து கேட்டார். அந்தச் சங்கம் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டது. பள்ளியின் வேலை எப்படி நடக்கிறது என்று கொடுத்தவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

கொடுப்பவருக்கு உள்நோக்கம் உண்டா என்ற கேள்வி அப்போதும் எழுந்தது. 1893ஆம் ஆண்டு புனேயில் பெரிய சச்சரவு வந்தது. பள்ளியில் பிள்ளைகளை மதம் மாறத் தூண்டுகிறார்கள் என்று புகார் கிளம்பியது. பலர் தங்கள் வீட்டுப் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டது தவறு இல்லை. உதவி வாங்குகிறவருக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு.

தங்கை செய்த முடிவு

கோதுபாய்க்குப் பார்வதிபாய் என்று ஒரு தங்கை. அவரும் விதவை. 1896இல் கார்வே விதவைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கினார். 1900இல் அது புனேக்கு வெளியே ஹிங்கணே என்ற கிராமத்துக்குப் போனது. கல்லூரியில் பாடம் நடத்தக் கார்வே அங்கிருந்து பல மைல் நடந்து புனேக்குப் போய் வருவார்.

பார்வதிபாய் அந்த இல்லத்துக்கு வந்தார். படித்தார். அக்கா வீட்டாரின் அரவணைப்பை வாங்கிக்கொண்டார். இல்லத்துக்காக ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார். 1918இல் தனியாக அமெரிக்காவுக்கே போனார். ஆங்கிலம் அதிகம் தெரியாது. வீட்டு வேலை செய்து அங்கே பிழைத்தார்.

ஆனால் பார்வதிபாய் மறுமணம் செய்யவில்லை. விதவை மறுமணத்துக்குப் பேர்போன குடும்பம் அது. அக்காவும் அத்தானும் அந்த வழியில் வாழ்ந்து காட்டியவர்கள். இருந்தும் அவர் தன் வழியைத் தானே முடிவு செய்தார். அன்பை வாங்கிக்கொண்டதால் அவர்கள் காட்டிய வழியிலேயே போக வேண்டும் என்று ஆகிவிடவில்லை.

இன்றைய இளம் பெண்களும் ஆண்களும் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒருவர் அன்பாக நடந்துகொள்கிறார். பஸ்ஸில் இடம் கொடுக்கிறார். பரீட்சைக்குப் புத்தகம் வாங்கித் தருகிறார். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது உடன் வந்து நிற்கிறார். இதை வாங்கிக்கொண்டதால் அவரைக் காதலிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கல்யாணம் செய்ய வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. மனம் நிறைந்து “நல்ல நேரத்தில் வந்தீர்கள்” என்று சொல்லலாம். அதற்கு மேல் எதுவும் தர வேண்டியதில்லை.

அன்பா, தூண்டிலா?

தூண்டிலிலும் புழு இருக்கிறது. மீனுக்கு அது சாப்பாடு போலத்தான் தெரியும்.

ஒருவன் ஒரு பெண்ணுக்குச் செல்போன் வாங்கித் தருகிறான். அவள் மகிழ்ச்சியாக வாங்குகிறாள். பத்து நாள் கழித்து, “யாரோடு பேசினாய்? போனைக் காட்டு” என்கிறான். ஒரு மாதம் கழித்து, “கூப்பிட்ட இடத்துக்கு வா” என்கிறான். அவள் தயங்கினால், “உனக்கு எவ்வளவு செய்திருக்கிறேன்!” என்கிறான். அந்தப் போன் அன்பளிப்பு இல்லை.

இதை எப்படி முன்கூட்டியே அறிவது? கொடுத்ததை நாலு பேருக்குத் தெரியும்படி கொடுக்கிறாரா, அல்லது “யாரிடமும் சொல்லாதே” என்கிறாரா என்று பார்க்கலாம். சின்ன விஷயத்தில் ஒருமுறை “வேண்டாம்” என்று சொல்லிப் பார்க்கலாம். அன்போடு கொடுப்பவர் கொஞ்சம் வருத்தப்படுவார். பிறகு எப்போதும் போல இருப்பார். தூண்டில் போடுபவருக்குக் கோபம் வரும். கணக்குச் சொல்வார். முகம் மாறிவிடும். இந்த ஒரு சோதனை போதும். மிரட்டல் வரை போனால் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது பெண்களுக்கான உதவி எண்.

கல்யாணப் பேச்சிலும் இதே கேள்வி வரும். உற்றார் உறவினர் ஆசையாகத் தரும் பரிசு வேறு. கேட்டு வாங்கும் வரதட்சணை வேறு. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் இந்த வேறுபாட்டைச் சொல்கிறது. யாரும் கேட்காமல், வழக்கப்படி, தங்கள் வசதிக்கு ஏற்பத் தரும் பரிசைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும். 1985ஆம் ஆண்டு வந்த விதி இது. பொருள் என்ன, மதிப்பு எவ்வளவு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுத வேண்டும். மணமகளும் மணமகனும் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

பலர் இந்தப் பட்டியலை எழுதுவதே இல்லை. “நல்ல நாளில் எதற்கு இந்தக் கணக்கு?” என்கிறார்கள். மொய்க்கு மட்டும் நோட்டு உண்டு! எழுதப் படிக்கத் தெரிந்த பெண் இதைத் தானே எழுதலாம். பெண்ணுக்காக என்று வரதட்சணை கொடுத்திருந்தால், அதை வேறு யார் வாங்கியிருந்தாலும் அவளிடம் ஒப்படைக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு வாங்கியிருந்தால், கல்யாணம் முடிந்து மூன்று மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். இதையும் அதே சட்டம்தான் சொல்கிறது.

ஆண்களின் கூச்சம்

ஆண்களுக்கு வாங்கிக்கொள்ளத் தெரியும் என்று தோன்றும். சுடச்சுடச் சாப்பாடு வருகிறது. துவைத்த சட்டை வருகிறது. வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அது வந்ததே அவர்கள் கண்ணில் படுவதில்லை. உப்பு குறைந்தால் மட்டும் தெரிகிறது. இதை வாங்கிக்கொள்வது என்று சொல்ல முடியாது.

அதே ஆண் உடம்பு முடியாமல் படுத்தால் வேறு விதம். “எனக்கு ஒன்றும் இல்லை” என்பார். மருத்துவரிடம் போகமாட்டார். மனதில் கவலை இருந்தாலும் சொல்லமாட்டார். கடன் தொல்லையை மனைவியிடம் மறைப்பார். அவள் தோளில் கை வைத்துக் கேட்டாலும், “உனக்கு எதற்கு அதெல்லாம்?” என்று எரிந்து விழுவார். சிறு பையனாக இருக்கும்போது அழுதால், “பொட்டப் பிள்ளை மாதிரி அழாதே” என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். அழுதபோது அணைத்துக்கொள்ள ஆள் இல்லாமல் வளர்ந்தவர் அவர். பெரியவரான பிறகு மனைவி அணைக்க வந்தாலும் விலகிப்போகிறார்.

கல்யாணம் நிச்சயமான ஓர் இளைஞர் இதைத் தன் வீட்டிலேயே மாற்றத் தொடங்கலாம். அம்மா தட்டு வைக்கும்போது நிமிர்ந்து பார்க்கலாம். “இன்றைக்குப் புளிக்குழம்பு நன்றாக இருக்கிறது” என்று சொல்லலாம். தலைவலி வந்தால், “தலை வலிக்கிறது, கொஞ்சம் தைலம் தேய்த்துவிடு” என்று அக்காவிடம் கேட்கலாம்.

எப்படி வாங்கிக்கொள்வது?

இந்தப் பாடத்தைப் படிக்கும் பலர் வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றவர்கள். அவர்களுக்கு வாங்கிக்கொள்ளத் தெரியும். 1988ஆம் ஆண்டு தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரி 4ஆம் நாள் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அங்கே ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் பாடம் சொன்னார்கள். பெரும்பாலோர் இளம் வயதினர். அவர்களைவிட மூத்தவர்கள் எதிரே உட்கார்ந்து கற்றார்கள்.

பேத்தி வயதுப் பெண் கையைப் பிடித்து ‘அ’ எழுத வைக்கும்போது முதல் நாள் வெட்கமாகத்தான் இருக்கும். “இந்த வயதில் எனக்கு எதற்கு?” என்று தோன்றும். அந்த நேரத்தில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்களே, அதுதான் வாங்கிக்கொள்வது. அந்தப் பெண்ணுக்குக் காசு கொடுத்தா கடனைத் தீர்த்தார்கள்? சொந்தப் பெயரைத் தானே எழுதிக் காட்டியபோது அவள் முகம் மலர்ந்தது. அவளுக்கு அது போதும்.

வீட்டிலும் இப்படித்தான். டீ கொடுத்தால் உட்கார்ந்து குடிக்க வேண்டும். ஆறவிட்டு, ருசி பார்த்துக் குடிக்க வேண்டும். கொடுத்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். “நன்றி” என்ற சொல்லை வீட்டுக்குள் யாரும் அதிகம் சொல்வதில்லை. சொன்னால் அந்நியர் போலத் தோன்றும். பரவாயில்லை. “இது எனக்கு ரொம்ப வேண்டியிருந்தது” என்று சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் இன்னும் அரை டம்ளர் கேட்கலாம். அதுவே பெரிய மரியாதை.

திருப்பிச் செய்ய வேண்டும் என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் மறுநாளே ஓட வேண்டாம். கொடுத்தவருக்கு ஒரு தேவை வரும் நாள் வரும். அப்போது போய் நிற்கலாம். அந்த நாள் வரும்வரை வாங்கியதை வைத்துக்கொண்டு இருக்கத் தெரிய வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். கை குறுகுறுக்கும்.

வேண்டியதைக் கேட்கவும் பழக வேண்டும். “அவருக்கே தெரிய வேண்டாமா?” என்று பல பெண்கள் மனதுக்குள் புழுங்குவார்கள். எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு முன்பு ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச இன்று பல வீடுகளில் இடம் கொடுக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, சமைக்கத் தெரியுமா என்று கேட்டு நேரத்தைக் கழிக்கிறார்கள். “உடம்பு சரியில்லாத நாளில் உங்களுக்கு யாராவது பக்கத்தில் இருக்க வேண்டுமா, தனியாக இருக்க வேண்டுமா?” என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு வரும் பதிலில் நிறைய விஷயம் தெரிந்துவிடும்.

ஆனந்திபாய் கார்வே பின்னாளில் விதவைகள் இல்லத்துக்காக வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்டார். ஒரு காலத்தில் விதவை என்று ஒதுக்கப்பட்டவர் அவர். மற்ற பெண்களுக்காகக் கை நீட்ட அவர் வெட்கப்படவில்லை. கார்வே 1916இல் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகமே தொடங்கினார். 1958இல் அவருக்குப் பாரத ரத்னா விருது கிடைத்தது. ஆனந்திபாய் தன் கதையை மராத்தி மொழியில் தானே சொன்னார். 1944இல் அது புத்தகமாக வந்தது. வளர்ந்த பிறகு படிக்க உட்கார்ந்தவர் அவர்.